ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லியில் வீடு தேடுறீங்களா? அட்வான்ஸ் கொடுக்கும் முன் இதைப் படிங்க!

"மெட்ரோ வந்துட்டா இந்த விலைக்குக் கிடைக்காது சார்!"

சென்னையின் மேற்குப் புறநகரில் வீடு தேடும் எல்லோர் காதிலும் விழும் வசனம் இது. முழுப் பொய் என்று சொல்ல முடியாது. ஆனால், எந்த மெட்ரோ எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று பிரித்துப் பார்க்க வேண்டும்.

பூந்தமல்லிக்கு ரயில் நிலையமே கிடையாது. அதனால் கலங்கரை விளக்கம் - பூந்தமல்லி மெட்ரோ அந்த ஊருக்குப் பெரிய மாற்றம். 2025 மார்ச்சில் பூந்தமல்லி - முல்லைத்தோட்டம் இடையே சோதனை ஓட்டமும் நடந்தது. இது கண்ணில் தெரியும் மெட்ரோ.

கோயம்பேட்டிலிருந்து ஆவடி வழியாகப் பட்டாபிராம் செல்லும் 21.76 கி.மீ. மெட்ரோ கதை வேறு. 9,744 கோடி ரூபாய் மதிப்பிலான இதன் திட்ட அறிக்கையே 2025-ல்தான் தமிழக அரசிடம் தரப்பட்டது. இரண்டாம் கட்ட மெட்ரோவுக்கு 2020 நவம்பரில் அடிக்கல் நாட்டினார்கள். மத்திய அமைச்சரவை ஒப்புதல் கிடைத்தது 2024 அக்டோபரில்! ஆகவே அம்பத்தூர், ஆவடியில் வரப்போகும் மெட்ரோவுக்காகக் கூடுதல் விலை கொடுக்காதீங்க. இன்றைக்கு ஓடும் மின்சார ரயிலுக்கு வீட்டிலிருந்து எத்தனை நிமிஷம் என்று நடந்து பார்த்து விலை பேசுங்க.

கைக்காசு எவ்வளவு வேணும்?

50 லட்சம் ரூபாய்க்குப் புது ஃபிளாட் என்று வைத்துக்கொள்வோம். ரிசர்வ் வங்கி விதிப்படி, 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான வீட்டுக்கடனில் வங்கி அதிகபட்சம் வீட்டு மதிப்பில் 80% தரலாம். அதாவது 40 லட்சம். மீதி 10 லட்சம் உங்களுடையது. முதல் விற்பனைக்கு முத்திரைத்தீர்வை 4%, பதிவுக்கட்டணம் 2% சேர்த்து 3 லட்சம். கட்டி முடிக்காத வீடு என்றால் ஜி.எஸ்.டி 5%, அதாவது 2.5 லட்சம். ஆக, கையில் 15.5 லட்சம் இருக்கணும். பழைய வீடு வாங்கினால் ஜி.எஸ்.டி இல்லை, ஆனால் முத்திரைத்தீர்வையும் பதிவுக்கட்டணமும் சேர்ந்து 9%.

40 லட்சம் கடனுக்கு 20 வருஷம், 8% வட்டியில் இ.எம்.ஐ சுமார் 33,460 ரூபாய். வட்டி 9% ஆனால் சுமார் 35,990. இந்த இரண்டாவது தொகையை ஆறு மாசம் தனிக் கணக்கில் போட்டுப் பாருங்க. வீட்டுச் செலவு இடிக்காமல் ஓடினால், தைரியமா இறங்கலாம்.

பேப்பரைப் பாருங்க

வில்லங்கச் சான்றிதழ், பட்டா இரண்டையும் ஆன்லைனிலேயே பார்க்கலாம். மனை என்றால் டி.டி.சி.பி அல்லது சி.எம்.டி.ஏ அங்கீகாரம் முக்கியம். அபார்ட்மென்ட் என்றால் ரெரா பதிவு எண்ணைக் கேளுங்க. ரெரா சட்டப்படி, ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் விலையில் 10 சதவிகிதத்துக்கு மேல் பில்டர் வாங்கக் கூடாது. நாலு, ஆறு ஃபிளாட் மட்டும் கட்டும் சின்ன பில்டருக்கு ரெரா பதிவு கட்டாயமில்லை. அங்கே வக்கீல் ஃபீஸில் மிச்சம் பிடிக்காதீங்க.

எந்த உள்ளாட்சி என்பதையும் கேளுங்க. அம்பத்தூர் 2011 முதல் சென்னை மாநகராட்சியில் இருக்கிறது. ஆவடி 2019-ல் தனி மாநகராட்சியானது. ஆனால் 'ஆவடிக்குப் பக்கத்துல' என்ற விளம்பரத்தில் வரும் இடம் ஊராட்சியாக இருக்கலாம். குடிநீரும் கழிவுநீர் இணைப்பும் உண்டா, லாரியை நம்பணுமா என்பது இதில் தெரிந்துவிடும்.

மழையில் போய்ப் பாருங்க

கொரட்டூர், அம்பத்தூர், அயப்பாக்கம், பருத்திப்பட்டு, செம்பரம்பாக்கம்... இது ஏரிகளின் பகுதி. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் அம்பத்தூர் தொழிற்பேட்டையே தண்ணீரில் நின்றது. எனவே ஐப்பசி, கார்த்திகையில் ஒருமுறை அந்தத் தெருவுக்குப் போங்க. பில்டரிடம் கேட்காமல், எதிர்வீட்டு அம்மாவிடமும் முனைக்கடை அண்ணாச்சியிடமும், "மிக்ஜாம் அப்போ இங்க எவ்வளவு தண்ணி நின்னுச்சு?" என்று கேளுங்க. முழங்கால் வரை என்றால், அடுத்த தெருவைப் பாருங்க. 20 வருஷம் கடன் கட்டப்போவது நீங்கள்தான். "இன்னைக்கே அட்வான்ஸ் போடுங்க" என்று அவசரப்படுத்துபவர் அல்ல.