கொழுப்பும் குருதியும்

உடற்கொழுப்பை, உண்டது போக எஞ்சியதைச் சேர்த்துவைக்கும் களஞ்சியம் என்றே நெடுங்காலம் எண்ணியிருந்தோம். அது சுரப்பியாகவும் இயங்குகிறது என்பதை அறிவியல் மெய்ப்பித்துவிட்டது. 1994-இல் நியூயார்க்கின் ராக்பெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஃபிரீட்மன் குழுவினர் லெப்டின் என்னும் ஹார்மோனைக் கண்டறிந்தனர். அடுத்த ஆண்டில் அடிப்போனெக்டின் அறியப்பட்டது. உடல் பருக்கப் பருக்க முன்னது பெருகுகிறது. அழற்சியைத் தணிக்கும் பின்னது குறைகிறது. இச்சமநிலைக் குலைவு, எலும்பு மஜ்ஜையில் தோன்றும் மல்டிபிள் மைலோமா என்னும் குருதிப் புற்றுநோய்க்கு வழிகோலக்கூடும் என ஆய்வாளர் கருதுகின்றனர். மிகைக் கொழுப்போடு தொடர்புடைய 13 புற்றுநோய்களுள் இதனையும் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2016-இல் சேர்த்தது.

இதைக் கொண்டு நோயுற்றோரைப் பழித்தல் தகாது. மெலிந்தோரையும் இந்நோய் தாக்கும். ஆயினும், வலீமா விருந்தில் போதுமென்றவர் தட்டிலும் பிரியாணியைக் குவிப்பதே உபசரிப்பு என்னும் வழக்கத்தை நாம் மாற்றலாம். வயிற்றில் மூன்றிலொரு பங்கே உணவுக்கு என்பது அண்ணல் நபி (ஸல்) அவர்கள் காட்டிய நெறியன்றோ! நடந்து உடலைப் பேணப் பெண்மக்களுக்கு இடமும் வேண்டும். கல்லூரித் திடலை நாள்தோறும் ஒரு மணிநேரம் அவர்களுக்கெனத் திறந்துவிட நிர்வாகமும் ஜமாஅத்தும் முன்வரட்டும். நிவாரணம் அளிப்பவன் அல்லாஹ்வே. எனினும், உடலென்னும் அமானிதத்தைக் காக்கும் கடமை நம்முடையது.