ஒரே கம்பியில் நான்கு பெடல்கள்

இசை குறித்து இந்தப் பக்கத்தில் எழுதும்போதெல்லாம் வாசிப்பு, பாணி, மரபு என்றே எழுதி வந்திருக்கிறோம். சுவரில் செருகும் அடாப்டரைப் பற்றி எழுத நேரும் என்று நாங்கள் நினைத்ததில்லை. எங்கள் நண்பர் ஒருவர், எந்தக் குறையும் இல்லாத ஓவர்டிரைவ் பெடல் ஒன்றைப் பாதி விலைக்கு விற்றுவிட்டு, அதன் பின்னும் தீராத துயரத்தோடு எங்களிடம் வந்ததால் எழுத வேண்டியதாயிற்று.

நண்பரிடம் இருந்தவை நான்கு பெடல்கள்: ஒரு வா, ஓர் ஓவர்டிரைவ், ஓர் அனலாக் டிலே, புதிதாக வாங்கிய ஒரு டிஜிட்டல் ரிவெர்ப். நான்கையும் ஒரே அடாப்டரிலிருந்து கிளை பிரிந்து செல்லும் கம்பியில் கோத்திருந்தார். கிட்டார்க்காரர்கள் இதை 'டெய்சி செயின்' என்பார்கள். ரிவெர்ப் வந்த நாளிலிருந்து மெல்லிய சீழ்க்கை ஒன்றும் கூடவே வந்தது. ஓவர்டிரைவை மிதித்தால் சீழ்க்கை உரக்கக் கேட்டது, விட்டால் அடங்கியது. ஆகவே குற்றவாளி ஓவர்டிரைவ்தான் என்று தீர்மானித்தார். விற்றார். வேறொன்று வாங்கினார். சீழ்க்கை அப்படியே இருந்தது. ஒரு மாலை, இருபது பேர் கூடிய சின்ன அறையில், மிக மெதுவான ஒரு துண்டை வாசித்தார். சுரங்களுக்கு இடையே அவர் அரும்பாடுபட்டு விட்டுவைத்த மௌனங்களிலெல்லாம் சீழ்க்கையே வாசித்துக்கொண்டிருந்தது. அதன்பின் நான்கு மாதங்கள் அவர் கிட்டாரைத் தொடவில்லை. தன் காதின் மீதே சந்தேகம் வந்துவிட்டதாகச் சொன்னார்.

முடிச்சை அவிழ்த்தவர் ஆம்ப்ளிபையர் பழுது பார்க்கும் ஒரு முதியவர். ரிவெர்பின் கம்பியை மட்டும் பிடுங்கி வேறோர் அடாப்டரில் செருகினார். அறை நிசப்தமாயிற்று. "பெடல் மேல குத்தமில்ல தம்பி. நாலும் ஒரே தட்டுல சாப்பிடுது, எச்சில் ஒட்டாம என்ன செய்யும்?" என்றார். எங்கள் இலக்கிய விமர்சனங்கள் பலவற்றில் இத்தனை துல்லியமான வாக்கியம் ஒன்று அமைந்ததில்லை என்பதை ஒப்புக்கொள்கிறோம்.

அந்த எச்சில் எப்படி ஒட்டுகிறது என்பதைச் சற்று விளக்க வேண்டும். டிஜிட்டல் பெடலுக்குள் இருப்பது ஒரு சிறு கணினி. அது மின்சாரத்தைச் சீராகக் குடிப்பதில்லை. நொடிக்குப் பல்லாயிரம் முறை விட்டு விட்டு உறிஞ்சுகிறது. நான்கு பெடல்களுக்கும் எர்த் கம்பி பொது. கம்பிக்கும் சிறிது மின்தடை உண்டு. பத்தில் ஒரு ஓம் என்று வைத்துக்கொள்வோம். அதில் பத்து மில்லிஆம்பியர் துடித்தால் ஒரு மில்லிவோல்ட் அதிர்வு உண்டாகும். ஒரு மில்லிவோல்ட் ஒன்றுமில்லைதான். ஆனால் பச்சை நிற டியூப் ஸ்க்ரீமர் போன்ற ஓர் ஓவர்டிரைவ், திருகை முழுதும் திருப்பினால், தன்னிடம் வருவதைச் சுமார் 118 மடங்கு பெருக்கும். கிட்டாரின் ஒலி எது, பக்கத்து வீட்டின் துடிப்பு எது என்று அதற்குத் தெரியாது. போதாக்குறைக்கு, அனலாக் டிலேக்குள்ளும் ஒரு கடிகாரத் துடிப்பு உண்டு. இரண்டு துடிப்புகளும் தனித்தனியே காதுக்கு எட்டாத உயரத்தில் இருந்தாலும், பொதுக் கம்பியில் கலக்கும்போது அவற்றின் வித்தியாசம் காதுக்கு எட்டும் சீழ்க்கையாகக் கீழிறங்கி வரும். டிலேயின் கால அளவுத் திருகைச் சுழற்றும்போது சீழ்க்கையின் சுருதியும் சேர்ந்து ஏறி இறங்கினால் நடப்பது இதுதான். அதைக் கேட்டபோது நண்பருக்குக் கோபம் போய் வியப்பு வந்துவிட்டது.

இந்தச் சிக்கல் ஆதியில் இல்லை. 1962இல் வந்த மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன், 1965இல் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் 'சாட்டிஸ்ஃபேக்‌ஷன்' பாடலால் உலகப் புகழ் பெற்ற பெட்டி, இரண்டு ஒன்றரை வோல்ட் பேட்டரிகளில் ஓடியது. 1966இல் லண்டனில் பிறந்த ஃபஸ் ஃபேஸ், ஜிமி ஹெண்ட்ரிக்ஸின் காலடியில் கிடந்த அந்த வட்டப் பெட்டி, ஒரு ஒன்பது வோல்ட் பேட்டரியில் ஓடியது. ஒவ்வொன்றும் தனக்கென அடுப்பு வைத்திருந்த குடித்தனம். 1977இல் பாஸ் நிறுவனம் தன் முதல் மூன்று சிறு பெடல்களை வெளியிட்ட பிறகு, பலகையில் பெடல்களை வரிசையாக அடுக்கும் பழக்கம் பெருகியது. பேட்டரி மாற்றி மாளவில்லை. நடுமுனை எதிர்மின், ஒன்பது வோல்ட் என்ற ஏற்பாடு ஏறத்தாழப் பொதுவழக்காயிற்று. எல்லாவற்றுக்கும் ஒரே செருகி பொருந்துமென்றால் எல்லாவற்றையும் ஒரே கம்பியில் கோத்தால் என்ன என்று தோன்றுவது இயல்புதானே.

கோக்கலாம். எட்டு மில்லிஆம்பியருக்கு மேல் கேட்காத பழைய அனலாக் பெடல்கள் மூன்றோ நான்கோ ஒரே கம்பியில் ஆண்டுக்கணக்கில் சண்டையின்றி வாழ்வதைப் பார்த்திருக்கிறோம். தூய்மைவாதிகள் சிலர் சொல்வதுபோல டெய்சி செயின் ஒரு பாவச்செயல் அல்ல. ஆனால் முன்னூறு மில்லிஆம்பியர் கேட்கும் டிஜிட்டல் பெடல் ஒன்று அந்த வீட்டுக்குள் நுழைந்த கணமே ஏற்பாடு மாறியாக வேண்டும். எங்கள் கருத்து, சுருக்கமாக: முதல் டிஜிட்டல் பெடலை வாங்கும் பணத்தில் பாதியை, ஒன்றோடொன்று மின்தொடர்பில்லாத வெளியீடுகள் கொண்ட ஒரு மின்வழங்கிக்கு ஒதுக்கிவிட வேண்டும். அதற்குப் பணம் போதாதென்றால் பெடல் காத்திருக்கட்டும்.

இப்படிச் சொன்னால் எங்களுக்குள்ளேயே எதிர்ப்பு உண்டு. மின்வழங்கி ஓசை எழுப்பாத பொருள். அதற்குச் செலவிட யாருக்கும் மனம் வருவதில்லை. கடைக்குப் போகிறவன் ஓசையை வாங்கத்தான் போகிறான். ஆனால் நண்பர் இழந்ததைக் கணக்கிட்டால், விற்ற பெடலின் பாதி விலையும், வாங்கிய பெடலின் முழு விலையும், நான்கு மாத வாசிப்பும் ஆகிறது. முதலிரண்டிலேயே நல்ல மின்வழங்கி ஒன்று வந்திருக்கும்.

தனித்தனி வெளியீடு என்றால் பெட்டியில் எட்டுத் துளைகள் இருப்பது அல்ல. இங்கேதான் வாங்குபவர்கள் ஏமாறுகிறார்கள். உண்மையான பெட்டியில் டிரான்ஸ்ஃபார்மரில் ஒவ்வொரு வெளியீட்டுக்கும் தனிச் சுற்றோ, அல்லது ஒவ்வொன்றுக்கும் தனிச் சிறு டிரான்ஸ்ஃபார்மரோ இருக்கும். அதன்பின் தனித்தனியே மின்னழுத்தத்தைச் சீராக்கும் பகுதியும் இருக்கும். வூடூ லேப் நிறுவனத்தின் பெடல் பவர் 2 ப்ளஸ் இவ்வகையில் பெயர் பெற்றது. மலிவான பெட்டிகள் பலவற்றில் எட்டுத் துளைகளுக்கும் உள்ளே ஒரே எர்த் ஓடுகிறது. அட்டையில் மட்டும் தனித்தனி என்று அச்சிட்டிருக்கும். எங்களில் ஒருவர் அப்படியொன்றை வாங்கி அதைப் புகழ்ந்து இரண்டு பத்திகளும் எழுதியவர். கண்டுபிடிப்பது எளிது. பெட்டியைச் சுவரிலிருந்து கழற்றிவிட்டு, மல்டிமீட்டரைத் தொடர்ச்சி பார்க்கும் நிலையில் வைத்து, ஒரு வெளியீட்டின் எதிர்முனையிலும் மற்றொன்றின் எதிர்முனையிலும் தொட்டுப் பாருங்கள். 'பீப்' என்று ஒலித்தால் அது டெய்சி செயினுக்குப் போட்ட சட்டை.

மற்றொரு பயத்தையும் போக்க வேண்டும். ஐந்நூறு மில்லிஆம்பியர் தரும் துளையில் எட்டு மில்லிஆம்பியர் பெடலைச் செருகினால் கருகிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். கருகாது. மேல்நிலைத் தொட்டி பெரிதாக இருப்பதால் குடம் உடைவதில்லை. பெடல் தனக்கு வேண்டியதை மட்டுமே எடுத்துக்கொள்ளும். கருக வைப்பவை வோல்ட் அளவும் முனை மாறுதலும்தான்.

முனை என்றதும் ஃபஸ் ஃபேஸுக்குத் திரும்ப வேண்டியிருக்கிறது. அதன் பழைய ஜெர்மானியம் டிரான்சிஸ்டர்கள் பிஎன்பி வகை. அதனால் அந்தப் பெட்டியில் எர்த் ஆக இருப்பது நேர்முனை. மற்றப் பெடல்களில் எதிர்முனை. இரண்டையும் ஒரே சங்கிலியில் கோத்தால், ஒலியைக் கொண்டுசெல்லும் கேபிளின் உறை வழியாக அடாப்டரின் நேர்முனையும் எதிர்முனையும் நேருக்கு நேர் முட்டிக்கொள்ளும். அது இரைச்சலோடு நிற்காது, ஷார்ட் சர்க்யூட். தனி வெளியீட்டில், முனையை மாற்றும் கம்பியோடு கொடுத்தால் இந்தத் தொல்லை இல்லை. எனினும் இந்த ஒரு பெடலுக்கு மட்டும் நாங்கள் பேட்டரிக்கே வாக்களிப்போம். கார்பன்-ஸிங்க் பேட்டரி பழையதாக ஆக உள்தடை கூடி மின்னழுத்தம் தளரும். அந்தத் தளர்ச்சியில் ஃபஸ்ஸின் குரல் மென்மையாவதைக் காது உணரும். அதற்காகவே பெடல் பவரின் இரண்டு வெளியீடுகளில் மின்னழுத்தத்தைத் தாழ்த்தும் திருகு வைத்திருக்கிறார்கள். அந்த நியாயத்தை ரிவெர்புக்கும் நீட்டி எல்லாவற்றையும் பேட்டரியில் ஓட்டச் சொல்பவர்களிடம் விவாதிக்க எங்களுக்குத் தெம்பில்லை. முன்னூறு மில்லிஆம்பியர் கேட்கும் பெடலுக்கு ஒன்பது வோல்ட் பேட்டரி ஒன்று ஒரு மணி நேரத்தைத் தாண்டுவதே அரிது.

எங்கள் வாதத்துக்கு எதிரான சாட்சி ஒன்றும் உண்டு, அதை மறைப்பது முறையல்ல. பாஸ் நிறுவனத்தின் பழைய பெடல்களில் 'ஏசிஏ' என்று குறிக்கப்பட்டவை பன்னிரண்டு வோல்ட் அளவிலான அடாப்டருக்காகச் செய்யப்பட்டவை. எர்த் பாதையில் ஒரு மின்தடையும் டயோடும் வைத்து அந்த அதிகத்தைக் குறைத்துக்கொள்ளும். அத்தகைய பெடலுக்குத் தனியாக, சீரான ஒன்பது வோல்ட் கொடுத்தால் விளக்கு மங்கும், ஒலி சோரும். அதையே பிற்காலப் பெடலோடு ஒரே சங்கிலியில் கோத்தால், கேபிளின் உறை வழியே வேறொரு பாதை கிடைத்து, மின்தடையைச் சுற்றிக்கொண்டு, பெடல் முழு உயிரோடு பாடும். சேர்ந்து உண்டால்தான் பசியாறும் பிறவிகளும் இருக்கின்றன! அவற்றைப் பிரித்து வைப்பதானால் பன்னிரண்டு வோல்ட் வெளியீடு தேட வேண்டும்.

நண்பருக்கு இப்போதைக்குப் பெரிய பெட்டி வாங்கும் வசதியில்லை. முதியவர் சொன்னபடியே செய்திருக்கிறார்: ரிவெர்புக்குத் தனி அடாப்டர், மற்ற மூன்றும் பழைய சங்கிலியில். இரண்டு அடாப்டர்கள் என்பதே ஏழையின் தனித்தனி வெளியீடுதான், சீழ்க்கை இல்லை. விற்ற ஓவர்டிரைவைத் திரும்ப வாங்க அவர் போனபோது, வாங்கியவர் அதைத் தர மறுத்துவிட்டார். இவ்வளவு அமைதியான பெடலைத் தான் கேட்டதேயில்லை என்றாராம்.