ஏழாம் நாள் எண்

வானொலியில் எண்களை வாசிப்பது என் தினசரி வேலை. சித்தப்பாவுக்குக் கல்லீரல் மாற்று அறுவை சிகிச்சை நடந்த வாரம், சித்திக்கு ரத்தப் பரிசோதனை எண்களை வாசித்தேன்.

மறுநாள் ஏஎஸ்டி 1,400. வழக்கமாக 40-க்குள் இருக்க வேண்டியது. சித்தி அழுதுவிட்டார். "மாற்றும்போது கல்லீரல் பட்ட அடி அது. இறங்குகிறதா என்று பாருங்கள்," என்றார் மருத்துவர்.

பட்ட அடி வேறு, செய்யும் வேலை வேறு. ரத்தம் உறையத் தேவையான புரதங்களைக் கல்லீரல் தயாரிக்கிறதா என்பதை ஐஎன்ஆர் காட்டும். மஞ்சள் நிறமியை வெளியேற்றுகிறதா என்பதைப் பிலிருபின் காட்டும். ஏழாம் நாளில் ஐஎன்ஆர் 1.6-ஐ எட்டினாலே மருத்துவர்கள் உஷாராகிவிடுவார்கள்.

சித்தப்பாவுக்கு அன்று 1.3. "இறங்கிடுச்சு சித்தி," என்றேன்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு வாரம் வந்தால், "எவ்வளவு?" என்பதோடு நிறுத்தாதீர்கள். "நேற்று எவ்வளவு?" என்றும் கேளுங்கள்.