டீசலில் ஊற்றும் போத்தல்: லோரிக்காரருக்கு மிச்சமா, நட்டமா?

கலும்பாங் - தஞ்சோங் மாலிமுக்கும் கெர்லிங்கிற்கும் இடையே பழைய ஈப்போ சாலையில் செம்பனைக் குலை ஏற்றிச் செல்லும் லோரிகளும், பெஸ்தாரி ஜெயா பக்கம் மணல் ஏற்றும் லோரிகளும் டீசலை நம்பித்தான் ஓடுகின்றன. அந்த டீசலின் விலை 2024 ஜூன் 10-ஆம் தேதி ஒரே இரவில் லிட்டருக்கு 2 வெள்ளி 15 காசிலிருந்து 3 வெள்ளி 35 காசாக ஏறியது. சபா, சரவாக், லாபுவானில் மட்டும் பழைய விலையே நீடித்தது. அதன் பிறகு தீபகற்பத்தில் விலை சந்தை நிலவரப்படி ஏறுவதும் இறங்குவதுமாக இருக்கிறது.

மாதம் 1,000 லிட்டர் போடும் ஒரு லோரிக்கு இந்த உயர்வு 1,200 வெள்ளி கூடுதல் செலவு. சரக்கு லோரிகளுக்கு எஸ்கேடிஎஸ் 2.0 திட்டத்தின் கீழ் கார்டு வழி 2 வெள்ளி 15 காசுக்கே டீசல் போட அரசாங்கம் வழி செய்தது. தகுதி பெற்ற தனியார் டீசல் வாகனக்காரர்களுக்கும் சிறு தோட்டக்காரர்களுக்கும் 'பூடி மடானி' வழி மாதம் 200 வெள்ளி அறிவிக்கப்பட்டது. கார்டு கிடைக்காத லோரிக்காரர் மட்டும் முழு விலையையும் தாங்க வேண்டியதாயிற்று.

இப்படிப்பட்ட நேரத்தில்தான் 'அடிட்டிவ்' போத்தல்கள் கைகொடுக்கும் போலத் தோன்றும். "டேங்கில் ஊற்றினால் போதும், 15 விழுக்காடு மிச்சம், 20 விழுக்காடு மிச்சம்" என்று போத்தலின் மேல் எழுதியிருக்கும். கடன் தவணையும் டயர் செலவும் கழுத்தை நெரிக்கும்போது அந்த வாக்குறுதி யாரையும் இழுக்கும். ஆனால், வாங்கும் முன் ஒரு சின்னக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

கணக்கு என்ன சொல்கிறது?

எடுத்துக்காட்டாக, 40 வெள்ளி போத்தல் ஒன்றை 80 லிட்டர் டீசலில் கலக்கச் சொல்கிறார்கள் என்று வைத்துக் கொள்வோம். அப்படியென்றால் ஒவ்வொரு லிட்டருக்கும் 50 காசு கூடுகிறது. டீசல் 3 வெள்ளி 35 காசு விற்கும்போது, போட்ட காசு திரும்பி வரவே லிட்டருக்கு ஓடும் தூரம் 15 விழுக்காடு கூட வேண்டும். லிட்டருக்கு 4 கிலோமீட்டர் ஓடும் லோரி 4.6 கிலோமீட்டர் ஓடினால்தான் கணக்கு சரியாகும். லாபம் என்பது அதற்கும் மேலேதான்.

கார்டு வழி 2 வெள்ளி 15 காசுக்கு டீசல் போடுபவருக்கு நிலைமை இன்னும் மோசம். அவருடைய லோரி ஏறக்குறைய 5 கிலோமீட்டர் ஓட வேண்டும். டீசல் மலிவாக இருக்க இருக்க, போத்தல் காசைத் திரும்ப எடுப்பது கடினமாகிறது.

அப்படி ஓடுமா? அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனம், எரிபொருளை மிச்சப்படுத்தும் என்று விற்கப்பட்ட 100-க்கும் மேற்பட்ட பொருள்களை ஆராய்ந்திருக்கிறது. குறிப்பிடத்தக்க அளவு மிச்சம் தந்ததாக எதுவும் தேறவில்லை. சில போத்தல்களில் அந்த நிறுவனத்தில் 'பதிவு பெற்றது' என்று போட்டிருக்கும். அந்தப் பதிவு, போத்தலில் என்ன இருக்கிறது என்று தெரிவித்ததற்கான பதிவுதான். அது வேலை செய்கிறது என்பதற்கான சான்றிதழ் அல்ல.

இந்த ஆசை நம்மவர்களுக்குப் புதிதல்ல. 1996-இல் ராஜபாளையம் பக்கத்து ராமர் பிள்ளை மூலிகையிலிருந்து பெட்ரோல் எடுப்பதாகச் சொன்னபோது தமிழ்நாடே பரபரத்தது. பெட்ரோலிய இரசாயனங்களைக் கலந்து மூலிகை எரிபொருள் என்று விற்றதாக சிபிஐ வழக்குத் தொடுத்தது. 2016-இல் சென்னை நீதிமன்றம் மூன்றாண்டு சிறைத் தண்டனை விதித்தது.

போத்தலுக்குள் என்ன இருக்கிறது?

எல்லா அடிட்டிவும் ஏமாற்று என்று ஒரேயடியாகச் சொல்லிவிட முடியாது. ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை உண்டு. அந்த வேலை நமது லோரிக்குத் தேவையா என்பதுதான் கேள்வி.

ஒரு வகை 'சீட்டேன்' அளவைக் கூட்டும். டீசல் எவ்வளவு விரைவாகத் தீப்பற்றுகிறது என்பதைக் காட்டும் அளவு அது. தரமான டீசலில் அது போதுமான அளவு ஏற்கெனவே இருக்கிறது. செம்பனை பயோடீசலின் சீட்டேன் சாதாரண டீசலைவிட அதிகம். தேவைக்கு மேல் கூட்டினால் எஞ்சினுக்குப் பெரிய பலன் இல்லை.

இன்னொரு வகை பம்புக்கும் இன்ஜெக்டருக்கும் வழவழப்புத் தருவதாகச் சொல்லப்படுகிறது. இதற்கு ஒரு காரணம் உண்டு. 2021 ஏப்ரலில் யூரோ 5 டீசல் நாடு முழுவதும் வந்தது. பழைய யூரோ 2எம் டீசலில் 500 பிபிஎம் வரை அனுமதிக்கப்பட்ட கந்தகம் இதில் 10 பிபிஎம்தான். கந்தகத்தை நீக்கும்போது டீசலின் இயற்கையான வழவழப்பும் குறைகிறது. ஆனால், 2019-இல் போக்குவரத்து டீசலில் 10 விழுக்காடு செம்பனை பயோடீசல் கலப்பது நடைமுறைக்கு வந்தது. குறைந்த வழவழப்பை அது திரும்பக் கொடுத்துவிடுகிறது. நமது தோட்டங்களில் வெட்டிய குலையே அந்த வேலையைச் செய்யும்போது, அதற்கென்று தனியாக ஒரு போத்தலோ, மோட்டார் சைக்கிளுக்கு ஊற்றும் 'டூ-டி' எண்ணெயோ தேவையில்லை.

குளிரில் டீசல் உறையாமல் காக்கும் அடிட்டிவ் பனி பெய்யும் நாடுகளுக்கு உரியது. கலும்பாங் வெயிலில் அதற்கு வேலையே இல்லை.

இன்ஜெக்டரில் படியும் கசடைக் கழுவும் வகை மட்டும் சில நேரம் பயன் தரும். அதுவும் கசடு படிந்திருந்தால்தான். அடைபட்ட இன்ஜெக்டர் சுத்தமானால், இழந்த சக்தி திரும்பக் கிடைக்கும். நல்ல எஞ்சினை அது மேலும் நல்லதாக்காது.

உண்மையான எதிரி தண்ணீர்

வட சிலாங்கூரின் ஈரக் காற்றில் டீசல் டேங்கிற்கு முதல் எதிரி தண்ணீர். பயோடீசல் சாதாரண டீசலைவிட ஈரத்தை அதிகம் ஈர்க்கும். பாதி காலியான டேங்குடன் இரவு முழுவதும் நிற்கும் லோரியில், உள்ளே இருக்கும் காற்றின் ஈரம் நீராகி அடியில் தேங்கும். டீசலும் தண்ணீரும் சேரும் இடத்தில் கிருமி வளர்ந்து கறுப்புக் கசடாகி ஃபில்டரை அடைக்கும்.

புதிய காமன் ரயில் எஞ்சின்களில் டீசல் 1,600 பாருக்கும் மேற்பட்ட அழுத்தத்தில், தலைமுடியைவிடப் பல மடங்கு நுண்ணிய இடைவெளிகள் வழி பாய்கிறது. அங்கே தண்ணீர் புகுந்தால் இன்ஜெக்டர்கள் கெடும். அந்தச் செலவு பல மாத டீசல் மிச்சத்தை ஒரே நாளில் விழுங்கிவிடும். தண்ணீரை டீசலோடு கரைத்து அனுப்பும் சில அடிட்டிவ்கள், அடியில் கிடந்த தண்ணீரை இன்ஜெக்டர் வரை கொண்டு போய்ச் சேர்க்கும் ஆபத்தும் உண்டு. கிருமிக் கசடு உறுதியானால் கிருமிக்கொல்லி அடிட்டிவ் உதவும். ஆனால் டேங்கைக் கழுவாமல் அதை மட்டும் ஊற்றுவதில் பயனில்லை.

காசில்லாமல் மிச்சம்

வாரம் ஒரு முறை நீர் பிரிப்பானைத் திறந்து தண்ணீரை வெளியேற்றுவதற்குச் செலவு எதுவும் இல்லை. வேலை முடிந்ததும் டேங்கை நிரப்பி நிறுத்துவதும் அப்படியே. ஃபில்டரைத் தவணை தவறாமல் மாற்றுவதும், டயர் காற்றைச் சரிபார்ப்பதும் போத்தலைவிட நிச்சயமான மிச்சம் தரும்.

ஆலை வாசலில் வரிசையில் நிற்கும்போது எஞ்சினை அணைப்பது இன்னொன்று. பெரிய லோரி எஞ்சின் சும்மா ஓடினாலே மணிக்கு ஏறக்குறைய 3 லிட்டர் குடிக்கும். இரண்டு மணி நேரம் நின்றால் 6 லிட்டர். 3 வெள்ளி 35 காசு விலையில் அது 20 வெள்ளி. இரண்டு நாள் காத்திருப்பில் ஒரு போத்தல் காசு புகையாகிவிடுகிறது.

அப்படியும் ஒரு போத்தலைச் சோதித்துப் பார்க்க நினைப்பவர், முதலில் லோரியின் கையேட்டைப் பார்க்க வேண்டும். அடிட்டிவ் ஊற்றினால் உத்தரவாதம் போய்விடலாம். பிறகு, ஒரு மாதம் ஊற்றாமலும் ஒரு மாதம் ஊற்றியும், போட்ட லிட்டர், ஓடிய கிலோமீட்டர், ஏற்றிய டன் மூன்றையும் நோட்டில் எழுத வேண்டும். ஒரே ஒரு பயணத்தை வைத்து முடிவு சொல்ல முடியாது. காலியாகத் திரும்பிய நாளும், மெதுவாக ஓட்டிய நாளும் போத்தலின் புகழாக மாறிவிடும்.

பொய்யான வாக்குறுதியோடு பொருள் விற்பது 2011-ஆம் ஆண்டு வாணிப விவரிப்புச் சட்டத்தின் கீழ்க் குற்றம். ரசீதையும் போத்தலையும் பத்திரப்படுத்தி வைத்தால், உள்நாட்டு வாணிப அமைச்சிடம் புகார் செய்யலாம்.

விலை ஏற்றம் லோரிக்காரரின் கையில் இல்லை. போத்தலுக்குக் கொடுக்கும் காசு அவர் கையில்தான் இருக்கிறது. அதைக் கொடுக்கும் முன் நோட்டைத் திறந்து கணக்குப் பார்ப்பது நல்லது.