ஆணையத்தின் பரிந்துரைக்கு என்ன மதிப்பு?

2015 ஏப்ரல் 7-ஆம் நாள், திருப்பதியை அடுத்த சேஷாசலம் வனப்பகுதியில் செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று கூறப்பட்ட தமிழகத் தொழிலாளர்கள் 20 பேரை ஆந்திர காவல் துறையின் சிறப்புப் படையினர் சுட்டுக் கொன்றனர். இதை விசாரித்த தேசிய மனித உரிமைகள் ஆணையம், இறந்தோரின் குடும்பங்களுக்குத் தலா ரூ.5 லட்சம் இடைக்கால நிவாரணம் வழங்குமாறும், வழக்கை சிபிஐ விசாரிக்க வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. ஆந்திர அரசு உயர் நீதிமன்றத்தை அணுகி அதற்குத் தடை பெற்றது.

ஆணையத்தின் வலிமையும் வலுவின்மையும் இந்த ஒரு நிகழ்விலேயே தெரிந்துவிடுகின்றன. 1993-ஆம் ஆண்டின் மனித உரிமைகள் பாதுகாப்புச் சட்டப்படி, விசாரணை நடக்கும்போது ஆணையத்துக்கு உரிமையியல் நீதிமன்றத்துக்குரிய அதிகாரங்கள் உண்டு. சாட்சிகளை அழைக்கலாம், ஆவணங்களைக் கோரிப் பெறலாம். விசாரணை முடிந்ததும் அந்த அதிகாரம் மறைந்து விடுகிறது. 18-ஆவது பிரிவின்படி, இழப்பீடு வழங்கவோ வழக்குத் தொடுக்கவோ அரசுக்குப் பரிந்துரைக்கலாம். தேவையெனில் நீதிமன்றத்தை நாடலாம். அரசு ஒரு மாதத்துக்குள் தன் கருத்தைத் தெரிவிக்க வேண்டும். ஏற்க வேண்டும் என்று சட்டம் வெளிப்படையாகச் சொல்லவில்லை.

அதற்காக ஆணையத்தால் பயனே இல்லை என்று சொல்வது நேர்மையாகாது. காவலில் ஒருவர் இறந்தால் 24 மணி நேரத்துக்குள் தகவல் தெரிவிக்க வேண்டும் என்று 1993 டிசம்பரிலேயே அது அறிவுறுத்தியது. அதுவரை மாவட்ட எல்லைக்குள்ளேயே அடங்கிப்போன மரணங்கள் அதன் பின்னரே தேசியக் கணக்கில் ஏறின. குஜராத்தின் பெஸ்ட் பேக்கரி வழக்கில் குற்றம் சாட்டப்பட்ட அனைவரும் 2003-இல் விடுவிக்கப்பட்டபோது, உச்சநீதிமன்றத்தின் கதவைத் தட்டியது ஆணையமே. 2004-இல் அவ்வழக்கின் மறுவிசாரணை மகாராஷ்டிரத்துக்கு மாற்றப்பட்டது.

ஆனால், ஆணையம் பெரிதும் நம்பியிருக்கும் கருவி இழப்பீடு. பொருளாதாரம் பயின்றவன் என்ற முறையில் எனக்கு நெருடலாக இருப்பது இதுதான். தவறுக்கு விலை விதிப்பது தவறைக் குறைக்கும் என்பது பொருளியலின் பால பாடம். ஆனால், அந்த விலையைத் தவறு செய்தவரே செலுத்த வேண்டும். இங்கு தடியடித்தவர் ஒருவர், பணம் தருவது கருவூலம். கருவூலப் பணம் என்பது வரி செலுத்துவோரின் பணம். பாதிக்கப்பட்ட குடும்பம் கடையில் வாங்கும் சோப்புக்கும் எண்ணெய்க்கும் கொடுத்த வரியும் அதில் சேர்ந்தே இருக்கிறது. ஓர் அமைச்சகத்தின் செலவுக் கணக்கில் சில லட்சங்கள் ஒரு பொருட்டே அல்ல. தவறிழைத்தவரின் ஊதியமோ பதவி உயர்வோ தொடப்படாதவரை, இழப்பீடு துயர் துடைக்கும் தொகையாக இருக்குமே தவிர, மீறலைத் தடுக்கும் கருவியாக இருக்காது.

பஞ்சாப் இதற்குக் கசப்பான சான்று. தீவிரவாதக் காலத்தில் அமிர்தசரஸ் மாவட்டத்தின் மூன்று மயானங்களில் காவல் துறை எரித்த 2,097 உடல்கள் குறித்த பொறுப்பை உச்சநீதிமன்றம் ஆணையத்திடம் ஒப்படைத்தது. ஆண்டுக்கணக்கில் நீண்ட அந்த நடவடிக்கையின் முடிவில் குடும்பங்களுக்குப் பணம் கிடைத்தது. யார் கொன்றார், ஏன் கொன்றார் என்ற கேள்விக்கு ஆணையத்திடமிருந்து விடை கிடைக்கவில்லை.

சட்டமே போட்ட தளைகள் வேறு. நிகழ்வு நடந்து ஓராண்டு கடந்தால் 36-ஆவது பிரிவு விசாரணையைத் தடுக்கிறது. காவல் நிலையத்துக்கு அஞ்சி ஊரைவிட்டே ஒதுங்கி வாழும் ஒருவருக்கு ஓராண்டு எவ்வளவு குறுகியது என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஆயுதப் படைகள் மீதான புகாரில், 19-ஆவது பிரிவின்படி மத்திய அரசிடம் அறிக்கை கேட்டுப் பரிந்துரை செய்யலாம், அவ்வளவே. 'ஆயுதப் படை' என்ற சொல்லுக்குள் ராணுவம் மட்டுமன்றி ஒன்றியத்தின் பிற ஆயுதப் படைகளும் அடங்கும் என்பது பலர் கவனிக்காத செய்தி. மணிப்பூர் மோதல் சாவுகள் வழக்கில், தன் நிலை பல்லில்லாப் புலியின் நிலைதான் என்று ஆணையமே உச்சநீதிமன்றத்தில் முறையிட நேர்ந்தது.

புலனாய்வுப் பணிக்கான காவல் அதிகாரிகளையும் தலைமைச் செயலரையும் அளிப்பது மத்திய அரசு. காவலர் மீதான புகாரைக் காவலரே விசாரிக்கும் இந்த ஏற்பாட்டை, தேசிய மனித உரிமை நிறுவனங்களின் உலகக் கூட்டமைப்பு பலமுறை குறை கூறியுள்ளது. 2023-லும் 2024-லும் நம் ஆணையத்தின் தகுதிச் சான்றை ஒத்திவைத்த அதன் குழு, 2025-இல் தகுதியைக் குறைக்கவே பரிந்துரைத்தது. வெளிநாட்டார் நம்மை மதிப்பிடுவதா என்ற சீற்றம் எழலாம். ஆனால், 2024 ஜூன் முதல் டிசம்பர் இறுதி வரை முழுநேரத் தலைவரே இல்லாமல் ஆணையம் இயங்கியதற்கு எந்த வெளிநாட்டவரும் காரணமல்லர்.

வழியே இல்லை என்பதில்லை. ஆணையத்தின் முடிவுகளை அரசு விருப்பம்போல் ஒதுக்கிவிட முடியாது என்று அலகாபாத் உயர் நீதிமன்றம் 2016-இல் கூறியது. சென்னை உயர் நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் கொண்ட முழு அமர்வு, 2021 பிப்ரவரியில் இன்னும் தெளிவாக, 18-ஆவது பிரிவின் கீழான பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தும் என்று தீர்ப்பளித்தது. இழப்பீட்டை அரசு வழங்கிவிட்டு, பொறுப்பான அலுவலரிடமிருந்து உரிய அறிவிப்புக்குப் பின் வசூலிக்கலாம் என்ற வழியையும் அது காட்டியது. மேலே சொன்ன விலைக் கணக்கை நேர்செய்யும் வழி அதுவே. ஆனால், ஓர் உயர் நீதிமன்றத்தின் தீர்ப்பு பிற மாநிலங்களைக் கட்டுப்படுத்தாது. நாடு முழுமைக்கும் அது பொருந்த வேண்டுமானால் சட்டத்திலேயே எழுத வேண்டும்.

அதற்கான வாய்ப்பு 2019-இல் வந்தது. அவ்வாண்டு சட்டத்தைத் திருத்திய நாடாளுமன்றம், உச்சநீதிமன்றத்தின் ஓய்வுபெற்ற எந்த நீதிபதியும் தலைவராகலாம் என்றது. பதவிக்காலத்தை ஐந்து ஆண்டுகளிலிருந்து மூன்றாகக் குறைத்தது. 18, 19, 36 ஆகிய பிரிவுகளை அது தொடவே இல்லை.