நாட்டுத் துப்பாக்கியும் நட்டக் கணக்கும்

மலையடிவார மாவட்டங்களிலிருந்து அவ்வப்போது ஒரே மாதிரியான செய்தி வருகிறது. உரிமம் இல்லாத நாட்டுத் துப்பாக்கிகளைக் குறிப்பிட்ட நாளுக்குள் ஒப்படைத்துவிட்டால் வழக்கு இல்லை என்று காவல் துறை அறிவிக்கிறது. சில நாள்களில், ஊர்ப் பொதுவிடத்தில் யாரோ இரவோடு இரவாக வைத்துவிட்டுப் போன துப்பாக்கிகள் கைப்பற்றப்படுகின்றன. அவற்றை மேசைமேல் வரிசையாக அடுக்கி ஒளிப்படமும் எடுக்கிறார்கள். சில காலம் கழித்து அதே அறிவிப்பு, அதே மேசை, அதே ஒளிப்படம். பொருளியல் கற்பித்தவன் என்ற முறையில் எனக்கு எழும் கேள்வி எளியது: அளிப்பை இத்தனை முறை குறைத்தும் தேவை ஏன் குறையவில்லை?

முதலில் அந்தப் பொருளைப் புரிந்துகொள்வோம். குழலின் வாய் வழியே கரிமருந்தைக் கொட்டி, தக்கை வைத்து, குண்டு இட்டு, கம்பியால் கெட்டித்துச் சுடும் துப்பாக்கி அது. ஒரு முறை சுட்டால் மறுமுறைக்கு எல்லாவற்றையும் மீண்டும் செய்ய வேண்டும். மழையில் மருந்து நமுத்துவிடும். உலகப் படைகள் 19ஆம் நூற்றாண்டிலேயே கைவிட்ட தொழில்நுட்பம் இது. ஆனாலும் ஆபத்து இல்லாதது அன்று. கரிமருந்து ஒரு தீப்பொறிக்கே பற்றிக்கொள்ளும். ஊர்ப் பட்டறையில் செய்த குழல் வெடித்தால் சுடுபவரின் கையும் கண்ணும் போகும். இருட்டில் விலங்கென நினைத்துச் சுட்டு மனிதர் இறந்த செய்திகளையும் நாம் படித்திருக்கிறோம்.

இந்தத் துப்பாக்கிக்கு நம் சட்டம் ஒரு தனியிடம் தந்திருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், 13ஆவது பிரிவில், உண்மையான பயிர்ப் பாதுகாப்புக்காக வாய்வழி நிரப்பும் துப்பாக்கிக்கு உரிமம் கோரலாம் என்று வெளிப்படையாகவே கூறுகிறது. பயிர்ப் பாதுகாப்புக்கு அது போதாது என்று உரிமம் வழங்கும் அதிகாரி கருதினால், வேறு வகைத் துப்பாக்கிக்கும் அனுமதி தரலாம். உழவரின் இழப்பைச் சட்டம் அன்று கண்முன் வைத்திருந்தது.

1972இல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. வேட்டை தடைசெய்யப்பட்டது. நிற்கும் பயிருக்குக் கேடு விளைவிக்கும் விலங்கைக் கொல்ல, தலைமை வன உயிரினக் காப்பாளரோ அவர் அதிகாரமளித்த அலுவலரோ காரணங்களைப் பதிவுசெய்து எழுத்து மூலம் ஆணையிட வேண்டும். அந்தத் தடை தேவையானதே; அது இல்லாதிருந்தால் நம் காடுகளில் இன்று பல உயிரினங்கள் எஞ்சியிருக்கா. ஆனால், விளைவு ஒரு முரண். ஒரு சட்டம் பயிரைக் காக்கத் துப்பாக்கி தருகிறது. மற்றொன்று பயிரை அழிக்கும் விலங்கைச் சுடாதே என்கிறது. உரிமம் பெற்றவருக்கு நடைமுறையில் எஞ்சுவது, வானை நோக்கி ஒரு வெடிச் சத்தம்.

பிற இடங்களில் இதே கருவி வேறு வாழ்க்கை வாழ்கிறது. அமெரிக்காவில் 1968ஆம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம், கரிமருந்தில் இயங்கும் இவ்வகைத் துப்பாக்கிகளைப் பெரும்பாலும் பழம்பொருள் என்றே வகைப்படுத்துகிறது. பல மாநிலங்களில் இவற்றுக்கெனத் தனி வேட்டைப் பருவமே உண்டு. ஆனால், 1937 முதல், நீள்துப்பாக்கிகள் மீதும் தோட்டாக்கள் மீதும் விதிக்கப்படும் 11% வரி மாநிலங்களின் வன உயிரினப் பாதுகாப்புக்குச் செல்கிறது. நம் அண்டையிலுள்ள குடகில், கொடவர்களுக்கும் ஜம்மா நிலம் உடையோருக்கும் ஆங்கிலேயர் காலம் முதல் உரிம விலக்கு உண்டு. ஒன்றிய அரசு அதை 2029 வரை நீட்டித்தது. கர்நாடக உயர் நீதிமன்றமும் 2021இல் அதை ஏற்றது. அமெரிக்கருக்குப் பொழுதுபோக்காகவும் குடகருக்கு மரபாகவும் இருப்பது நம் மலைவாழ் உழவருக்குக் குற்றமாகிறது. இரண்டையும் இங்கே அப்படியே கொண்டுவர வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஒரே கருவியின் தகுதியைத் தீர்மானிப்பது அதை வைத்திருப்பவரின் சமூக நிலையாக இருக்கிறது என்பதையே கவனப்படுத்துகிறேன்.

பணியில் இருந்த காலத்தில், மலைக்கிராமத்திலிருந்து வந்த மாணவர் ஒருவர் ஆய்வேட்டுக்காகத் தம் குடும்பத்தின் சாகுபடிக் கணக்கை எழுதிவந்தார். விதை, உரம், கூலி எல்லாம் இருந்தன. அறுவடைக்கு முந்தைய வாரங்களில் அவருடைய தந்தை பரணில் விழித்திருந்த இரவுகளுக்கு மட்டும் கணக்கில் இடமில்லை. “அதற்கு என்ன விலை போடுவது, ஐயா?” என்று கேட்டார். என்னிடம் அன்று விடை இல்லை. காட்டுப்பன்றியும் யானையும் நாட்டின் பொதுச்செல்வம். அவற்றால் கிடைக்கும் நன்மை நம் எல்லாருக்கும் உரியது. செலவு மட்டும் காட்டோரத்து இரண்டு ஏக்கர்க்காரர் தலையில் விழுகிறது. அந்தச் செலவுக்கு அவர் தாமே செய்துகொண்ட காப்பீடுதான் கூரைக்குள் செருகிவைத்த துப்பாக்கி.

இந்தக் காப்பீட்டைப் பறித்து, மாற்று எதையும் தராவிட்டால் என்ன நிகழும்? அதைவிட மோசமான மாற்றுகள் வந்து சேரும். திருட்டு மின்சாரம் பாயும் கம்பிவேலியும், தீனிக்குள் பொதிந்த அவுட்டுக்காயும் அத்தகையவை. துப்பாக்கிக்குப் பின்னே குறிபார்க்கும் ஒரு மனிதராவது இருக்கிறார். மின்வேலிக்கு யானையும் ஒன்று, பக்கத்து வயல்காரரும் ஒன்று.

அரசுகள் இதை உணராமல் இல்லை. கேரளம் 2022இல், ஊருக்குள் வரும் காட்டுப்பன்றிகளைக் கொல்ல அனுமதிக்கும் அதிகாரத்தை உள்ளாட்சித் தலைவர்களுக்கு அளித்தது. தமிழ்நாட்டில் 2025 ஜனவரியில் அறிவிக்கப்பட்ட முறைப்படி, காப்புக்காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் பன்றியைச் சுட முடியாது. ஒன்று முதல் மூன்று கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விடலாம். அதற்கு அப்பால் வனத் துறையினர் சுடலாம். ஆனால், மிகுதியாக இழப்பவர் முதல் கிலோமீட்டருக்குள்தான் இருக்கிறார். அவருக்குச் சுடும் அனுமதி இல்லை என்பது சரியே. அப்படியானால் இழப்பீடாவது முதலில் அவரை எட்ட வேண்டும்.

பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில், 2026 காரிஃப் பருவம் முதல் வன விலங்குகளால் நேரும் பயிர்ச் சேதமும் சேரும் என்று அறிவிக்கப்பட்டிருப்பது நல்ல தொடக்கம். ஆனால், 72 மணி நேரத்துக்குள், இடக்குறியிட்ட ஒளிப்படத்துடன், செயலி வழியே தெரிவிக்க வேண்டுமாம். அலைபேசிக் கோபுரமே எட்டாத மலைச்சரிவில், பட்டா இல்லாமல் அனுபவ நிலத்தில் பயிரிடுபவர் எதைப் பதிவேற்றுவார்?

செய்யக்கூடியவை மூன்று. துப்பாக்கி ஒப்படைப்பு முகாம் நடக்கும் அதே நாளில், அதே இடத்தில், வருவாய், வேளாண், வனத் துறையினர் அமர்ந்து பயிர்ச் சேத மனுக்களையும் காப்பீட்டுப் பதிவையும் ஏற்க வேண்டும். வன உரிமைச் சட்டப்படி பெற்ற உரிமை ஆவணத்தையும் கிராம சபையின் சான்றையும் காப்பீட்டுக்குப் போதுமானவையாகக் கொள்ள வேண்டும். பயிர்ப் பாதுகாப்பு உரிமம் என்ற 1959ஆம் ஆண்டு வாக்குறுதிக்கு இன்று என்ன பொருள் என்பதை அரசு வெளிப்படையாகச் சொல்ல வேண்டும்: நடைமுறையில் அது முடிந்துவிட்டதென்றால், அதன் இடத்தில் வேலியும் காவல் கூலியும் தரப்பட வேண்டும்.

அந்த மாணவரின் கேள்விக்கு இன்று என்னிடம் ஒரு விடை உண்டு. விழித்திருந்த இரவுக்கும் விலை உண்டு. இதுவரை அதைக் கொடுத்தவர் அவருடைய தந்தை மட்டுமே. மேசைமேல் துப்பாக்கிகளை அடுக்கும்போது, அந்த நிலுவையையும் பக்கத்தில் எழுதிவைப்பதுதான் நேர்மையான கணக்கு.