என்ன படிக்கிறீர், தோழரே?

"சாப்பிட்டாயிற்றா?" என்று கேட்கிறோம். "வேலை உண்டா?" என்று கேட்கிறோம். "பையனுக்குக் காய்ச்சல் தணிந்ததா?" என்று விசாரிக்கிறோம். கேட்க வேண்டியவைதான். ஆனால், "இப்போது என்ன படிக்கிறீர்?" என்று ஒரு தொழிலாளி இன்னொரு தொழிலாளியைக் கேட்டு, அதை நாம் காதால் கேட்டு எத்தனை நாளாயிற்று!

கேட்டால் சிரிப்பார்கள். "மூட்டை தூக்குகிறவனுக்குப் புத்தகம் ஒரு கேடா?" என்று கேலி பேசுவோர் முதலாளிமார் மட்டுமல்லர், நம்மவரிலேயே உண்டு. "விடியற்காலை போகிறவன் இரவு எட்டு மணிக்கு வீடு திரும்புகிறான். படுத்தால் போதும் என்றிருக்கிறது உடம்பு. இதிலே எங்கே படிப்பது?" என்பார்கள். நியாயமான கேள்வி. இதற்குப் பதில் சொல்லாமல், "படியுங்கள், படியுங்கள்" என்று மேடையில் முழங்குவதால் பயனில்லை.

பதிலைத் தேடி நெடுந்தொலைவு போக வேண்டாம். திருவண்ணாமலைச் சீமையிலேயே இருக்கிறது. செய்யாறு, வந்தவாசிப் பக்கத்துச் சிற்றூர்களில் திரௌபதி அம்மன் திருவிழா என்றால், பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் விடிய விடியக் கூத்து. பிரசங்கி வில்லிபாரதத்தைப் பாடிப் பொருள் சொல்வார். கேட்டிருந்தோரில் கையெழுத்துப் போடத் தெரியாதார் எத்தனையோ பேர்! ஆயினும், துரியோதனனைத் தொடையில் அடித்தது முறையா, முறைகேடா என்று அவர்களிடம் வாதாடிப் பாருங்கள், வெல்ல முடியாது. அந்தக் கதையில் வரும் தெய்வத்தை ஏற்போர் ஏற்பர், மறுப்போர் மறுப்பர். அது வேறு வழக்கு. நாம் பார்ப்பது முறையை. ஒருவர் படித்தார், ஊர் கேட்டது, கேட்டவரெல்லாம் பேசினர். எழுத்தறியாதவரும் நூலுக்கு உரியவரானார்! அந்த வழக்கம் பழங்கதையோடு நின்றுவிடவுமில்லை. செய்யாற்றுப் பக்கத்துப் புரிசைக் கூத்துக் கலைஞர்கள், கொலம்பியா நாட்டு எழுத்தாளர் மார்க்வெஸ் எழுதிய, சிறகு முளைத்த கிழவனின் கதையை எடுத்துக் கூத்தாகவே ஆடிக் காட்டினார்களே!

"திருவிழா நாளில் சரி, வேலை நாளில் என்ன செய்வது?" என்று கேட்கலாம். கியூபா நாட்டுச் சுருட்டுத் தொழிலாளர் இதற்கு விடை கண்டார்கள். 1865ஆம் ஆண்டு, ஹவானா நகரத்துச் சுருட்டாலை ஒன்றில் ஒரு வழக்கம் பிறந்தது. நூற்றுக்கணக்கானோர் வரிசையாக உட்கார்ந்து புகையிலை சுற்றுவர். கைக்கு வேலை உண்டு, காதுக்கு இல்லை. நடுவே உயர்ந்த மேடையில் ஒருவர் அமர்ந்து, செய்தி ஏட்டையும் கதைகளையும் உரக்கப் படிப்பார். அவருக்குக் கூலி கொடுத்தது யார்? முதலாளியா? இல்லை. தொழிலாளர்கள்தாம், தம் கூலியிலிருந்து எடுத்துக் கொடுத்தார்கள். எந்த நூலைப் படிப்பது என்று வாக்கெடுத்து முடிவு செய்ததும் அவர்களே. விக்டர் ஹியூகோவின் நாவல் அங்கே விரும்பிக் கேட்கப்பட்டது. நமக்கு அந்நியமான கதையன்று அது. சுத்தானந்த பாரதியார் 'ஏழை படும் பாடு' என்று தமிழில் தந்ததும், 1950இல் நாகையா நடிக்கப் படமாக வந்ததும் அதே கதைதான். டூமாவின் 'மாண்டி கிறிஸ்டோ'வைக் கேட்டுச் சொக்கிப்போனதால், அந்தப் பெயரையே ஒரு சுருட்டு தாங்கி நிற்கிறது.

ஆள்வோர் சும்மா இருப்பார்களா? அடுத்த ஆண்டே, 1866இல், படிக்கக் கூடாதென்று தடை! தடை போனது, படிப்பு திரும்பியது. கியூபத் தொழிலாளர் குடியேறிய அமெரிக்காவின் டாம்பா நகரத்திலோ, 1931இல் ஆலை முதலாளிகள் படிப்பவரை வெளியேற்றினார்கள். தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தும் பயனில்லை. பிறகு அந்த இடத்தைப் பிடித்தது வானொலிப் பெட்டி. பெட்டி பாடும், பேசும், ஆனால், "அடுத்து எதைப் படிக்கலாம்?" என்று அது யாரையும் கேட்பதில்லை.

நமக்குப் பக்கத்தில், கேரளத்துக் கண்ணூரில் பீடித் தொழிலாளரும் இப்படியே செய்தார்கள். ஒருவர் ஏட்டை உரக்கப் படிப்பார். அவர் சுற்ற வேண்டிய பீடியை மற்றவர்கள் பங்கிட்டுச் சுற்றிக் கொடுப்பார்கள். தமிழ்நாட்டிலோ முடிதிருத்தும் நிலையமும் தேநீர்க் கடையும் படிப்பகமும் அந்தப் பணியைச் செய்தன. ஒரே ஏடு இருபது கை மாறி, மடிப்பு கிழிந்து, மாலையில் வடை மடிக்கப் போகும் வரை உழைத்தது!

இன்று? பௌர்ணமி இரவில் திருவண்ணாமலை ஆட்டோ நிறுத்தத்தில் நின்று பாருங்கள். மலையைச் சுற்றிப் பதினான்கு கிலோமீட்டர் நடக்கப் பெருங்கூட்டம் போகிறது. சவாரிக்காகக் காத்திருக்கும் தோழர் ஒவ்வொருவர் கையிலும் கைப்பேசி. படிக்கவில்லையா என்றால் படிக்கிறார். யாரோ எழுதி, யாரோ அனுப்பியதை, முகம் தெரியாத யாருக்கோ தள்ளிவிடுகிறார். பக்கத்து ஆட்டோக்காரருக்கு அதில் பங்கில்லை.

கருவியைக் குறை கூறுவதற்கில்லை. அதே கைப்பேசியில்தான், அதே திருவண்ணாமலையைச் சேர்ந்த பவா செல்லதுரை கதை சொல்வதை உலகெங்குமுள்ள தமிழர் கேட்கிறார்கள். மின்வாரியத்தில் பணியாற்றியவர் அவர். தாம் படித்து மகிழ்ந்த பிறர் கதைகளைக் கூட்டத்தின் நடுவே வாய்மொழியாகச் சொல்கிறார். அதே ஊரில் பள்ளி ஆசிரியையாக இருந்துகொண்டே மலையாள நாவலைத் தமிழாக்கி, 2019ஆம் ஆண்டுக்கான சாகித்ய அகாதெமி மொழிபெயர்ப்புப் பரிசைப் பெற்றார் கே.வி. ஜெயஸ்ரீ. வேலை பார்க்கிறவருக்குப் படிக்க நேரம் ஏது என்போர் இவர்களை எண்ணிப் பார்க்கட்டும்.

இனி நம் குறைக்கு வருவோம். பொன்னாடைக்குப் பதில் புத்தகம் என்றோம். நல்ல மாற்றம். மேடையில் கை மாறும் நூல்களுக்குக் கணக்கில்லை. அவற்றில் எத்தனை திறக்கப்பட்டன? மேலுறை கிழியாமல் கட்சி அலுவலகப் பீரோவில் அடுக்கிக் கிடப்பதைக் கண்ட தோழர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. நூலகத்திற்காவது போகிறோமா? 1948ஆம் ஆண்டு, விடுதலை பெற்ற இந்தியாவிலேயே முதலாவதாக நூலகச் சட்டம் கண்ட மாநிலம் இது. வீட்டு வரியில் ரூபாய்க்குப் பத்துக் காசு நூலகத்திற்கென்று போகிறது. குடியிருப்பவர் கொடுக்கும் வாடகைக்குள்ளும் அது ஒளிந்திருக்கிறது. வரியைக் கட்டிவிட்டு நூலை எடுக்காமல் வருவது, கூலி வாங்காமல் வேலை செய்வது போலத்தானே!

ஆகவே ஒன்று சொல்கிறோம். கிளைக் கூட்டம் தொடங்கியதும், தீர்மானங்களுக்கு முன், பத்தே நிமிடம் ஒதுக்குங்கள். ஒரு தோழர் தாம் அப்போது படிக்கும் நூலைப் பற்றிச் சொல்லட்டும். பாராட்டுரை வேண்டாம், கதையைச் சொல்லட்டும். எங்கே சிரித்தார், எங்கே கண் கலங்கினார், எங்கே தூக்கம் வந்தது என்று சொல்லட்டும். "நாற்பதாம் பக்கத்தோடு மூடிவிட்டேன்" என்றாலும் குற்றமில்லை. ஏன் மூடினார் என்று கேட்போம். நம் கட்சி நூலாகவே இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் கூடாது. துப்பறியும் கதையானால் என்ன? வீட்டில் துணைவியார் படிப்பது என்ன என்று கேட்டு வந்து சொன்னால், இன்னும் நல்லது; பல வீடுகளில் நம்மைவிட அதிகம் படித்திருப்பவர் அவர்தாம். சொல்லி முடித்ததும் புத்தகம் அடுத்தவர் கைக்குப் போக வேண்டும். வாங்கியவர் பெயரைக் குறிக்க ஒரு நோட்டு, அதற்கொரு பேனா, செலவு அவ்வளவே.

"சரி, நீர் என்ன படிக்கிறீர்?" என்று எம்மைத் திருப்பிக் கேட்பது முறை. தொ.மு.சி. ரகுநாதனின் 'பஞ்சும் பசியும்'. 1953இல் வந்த நாவல். நெல்லைச் சீமைக் கைத்தறி நெசவாளர் பட்ட பாட்டைச் சொல்வது. நூலகத்துப் பிரதி, முன்பு படித்த யாரோ ஓரங்களில் பென்சிலால் கோடு போட்டிருக்கிறார். பாதி ஆகியிருக்கிறது. ஆரணியில் தறி ஓட்டும் தோழர்கள் யாரேனும் முன்பே படித்திருந்தால் எழுதுங்கள். முடிவை மட்டும் சொல்லிவிடாதீர்!